பாக்கூ எண்ணெய் போன வழி

அஜர்பைஜான் தலைநகர் பாக்கூவை அடுத்த சுராகானியின் அதெஷ்கா தீக்கோயில் நடுமண்டபத்தில் இரவுபகலாக ஒரு சுடர் எரிகிறது. பக்கத்தில் போனால் முகத்தில் அனல் அடிக்கிறது. அந்தத் தீ இன்று மண்ணுக்கடியிலிருந்து வருவதில்லை. பாக்கூ நகரத்து அடுப்புகளுக்குப் போகிற அதே கேஸ், அதே மாதிரி ஒரு குழாயில் இங்கேயும் வருகிறது. சீட்டுக் கொடுத்த பெண்மணி இதை ஒளிக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார், ஏதோ தண்ணீர் இணைப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு காலத்தில் அது தானாகவே எரிந்தது. பாறை வெடிப்புகளில் கசிந்த வாயு தீப்பற்றி எரிவதைக் கண்டுதான் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முல்தான், பஞ்சாப் பக்கத்து வியாபாரிகள் இங்கே கோயில் எழுப்பினார்கள். ஐந்து பக்க மதில், அதை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை வாசலுக்கு மேலே கல்லில் நாகரி எழுத்து. பிள்ளையாரை வணங்கித் தொடங்குகிறது. இன்னொரு வாசலில் குர்முகி. பிள்ளையாரை இவ்வளவு வடக்கே யாரோ சுமந்துவந்திருக்கிறார்கள். 1850களின் கடைசியில் கோக்கரெவ் என்ற ரஷ்ய முதலாளி கோயிலுக்கு அருகிலேயே எண்ணெய் ஆலை வைத்தார். அந்த அறைகளில் இருந்த சாமியார்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். சுற்றிலும் கிணறுகள் பெருகி அடியிலிருந்த வாயுவை உறிஞ்சியதில் 1969இல் தீ அணைந்தது. பிறகு குழாய் இழுத்து மறுபடி ஏற்றினார்கள்.

அஜர்பைஜானின் எண்ணெய்க் கதையை எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் கையில் வருவது இப்படி ஒரு குழாய்தான். பாக்கூ இருக்கும் அப்ஷெரோன் தீபகற்பத்தில் எண்ணெய் கிடைப்பது ஒருபோதும் பெரிய பாடாக இருந்ததில்லை. தோண்டினால் வந்தது, சில இடங்களில் தோண்டாமலே வந்தது. அதை வெளியே கொண்டுபோவதுதான் பாடு. காஸ்பியனுக்குப் பெயர்தான் கடல். எந்தப் பெருங்கடலோடும் சேராத, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற உப்பு ஏரி அது. வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், மேற்கே காகசஸ் மலைகள். கையில் பொருள் இருந்து சந்தைக்கு வழியில்லாதவன் நிலைமை. அந்த வழியை யார் கையில் வைத்திருந்தார்களோ அவர்களே இந்த எண்ணெய்க்கும் எஜமானர்களாக இருந்தார்கள். பாக்கூவைச் சுற்றிவந்த நாட்களில் எனக்கு வேறெதையும்விட இதுதான் உறைத்தது.

சுராகானியிலிருந்து பலாகானி அதிக தூரமில்லை. இந்தப் பக்கத்தில்தான் 1926இல் சோவியத் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. எண்ணெய்த் தொழிலாளிகளை வேலைக்குக் கொண்டுபோக. பலாகானியில் கையால் வெட்டிய கிணறுகள் நூற்றாண்டுக் கணக்கில் பழையவை. ஆட்களை இறக்கி வெட்டி, ஊறிய எண்ணெயைத் தோல்பைகளில் இறைத்து, ஒட்டகத்தில் ஏற்றிப் பாரசீகத்துக்கு அனுப்பினார்கள். விளக்குக்கு எரிபொருளாகவும் ஒட்டகச் சொறிக்கு மருந்தாகவும் அது போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யர்கள் பாக்கூவைப் பிடித்தார்கள். எண்ணெய் நிலத்தை நான்கு வருடக் குத்தகைக்கு விட்டார்கள். நான்கு வருடத்தில் கைமாறப்போகிற நிலத்தில் எவன் முதல் போட்டு ஆழமாகத் தோண்டுவான்? இருந்த குழிகளைச் சுரண்டியதோடு சரி. 1872இன் முடிவில் அந்த முறையை ஒழித்து நிலத்தை ஏலம் விட்ட பிறகுதான் பாக்கூவுக்குப் பைத்தியம் பிடித்தது.

அடுத்த ஆண்டே வந்து இறங்கியவர் ரோபெர்ட் நோபெல். டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரெடின் அண்ணன். இன்னொரு சகோதரர் லுட்விக் ரஷ்யாவில் துப்பாக்கித் தொழிற்சாலை வைத்திருந்தார். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் வாங்கி வா என்று பணம் கொடுத்து ரோபெர்ட்டைக் காகசஸுக்கு அனுப்பியிருந்தார். ரோபெர்ட் மரம் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையை வாங்கிப் போட்டார். தம்பி கொடுத்த காசில் அண்ணன் வேறு சரக்கு வாங்கிவருவது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். இந்தக் குடும்பத்தில் அது லாபமாக முடிந்தது.

அன்றைக்குப் பலாகானிக் கிணற்றிலிருந்து கடற்கரையோரம் இருந்த ஆலைகளுக்கு எண்ணெய் எப்படிப் போனது? மரப்பீப்பாயில் ஊற்றி, ஆளுயரச் சக்கரங்கள் கொண்ட அர்பா என்ற வண்டியில் ஏற்றி. அப்ஷெரோனில் மரமே கிடையாது. பீப்பாய்க்கு வேண்டிய பலகை வெளியிலிருந்து வரவேண்டும். உள்ளே இருக்கிற எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு விலை அதிகம். லுட்விக் மற்ற முதலாளிகளிடம் போய், எல்லோரும் சேர்ந்து ஒரு குழாய் போடுவோம் என்றார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1878இல் தானே போட்டார், பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு. பிழைப்பு போன வண்டிக்காரர்களும் பீப்பாய் செய்கிறவர்களும் இரவில் வந்து குழாயை உடைத்தார்கள். காவல் கோபுரம் கட்டிக் கொசாக் வீரர்களை நிறுத்த வேண்டியிருந்தது. முதல் ஆண்டிலேயே குழாயின் செலவு திரும்பிவிட்டது. வண்டிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த நினைவுப் பலகையிலும் இல்லை.

அதே 1878இல் ஸ்வீடனில் கட்டிய 'ஜோராஸ்தர்' என்ற கப்பல் ரஷ்யாவின் ஆறுகளும் கால்வாய்களும் வழியே காஸ்பியனுக்கு வந்து சேர்ந்தது. பீப்பாய் இல்லாமல், கப்பலின் வயிற்றிலேயே எண்ணெய் நிரப்பிய முதல் எண்ணெய்க் கப்பல்களில் ஒன்று. வடக்கே அஸ்திராகான் போய், வோல்கா ஆற்றில் ஏறி, ரஷ்யாவுக்குள் மண்ணெண்ணெய் பாய்ந்தது. ஆனால் குளிர்காலத்தில் வோல்கா உறைந்துவிடும். மாதக்கணக்கில் வழி மூடல்.

ஆகவே மேற்குப் பக்கம் பார்த்தார்கள். 1883இல் பாக்கூவிலிருந்து கருங்கடல் துறைமுகமான பத்தூமி வரை ரயில் போட்டு முடித்தார்கள். பாரிஸ் ராத்ஸ்சைல்டு குடும்பத்தின் பணம் அதில் இருந்தது. நடுவே சுராமி கணவாய். ஏற்றத்தில் இன்ஜின் சில டாங்கி வண்டிகளை இழுப்பதற்குள் மூச்சுத் திணறும். 1889இல் நோபெல்கள் ஆல்ஃபிரெடின் டைனமைட்டால் மலையை உடைத்துக் கணவாய்க்குக் குறுக்கே குழாய் பதித்தார்கள். 1906இல் பாக்கூவிலிருந்து பத்தூமி வரை முழுத் தூரமும், ஏறக்குறைய 880 கிலோமீட்டர், மண்ணெண்ணெய்க் குழாய் ஓடியது. பத்தூமியில் சரக்கு ஏற்றிக்கொண்டு 1892இல் சூயஸ் கால்வாயைக் கடந்த 'மியூரெக்ஸ்' கப்பல்தான் ஆசியாவுக்கு மொத்தமாக மண்ணெண்ணெய் கொண்டுவந்த வழியைத் திறந்தது. அதன் சொந்தக்காரர் மார்கஸ் சாமுவேல் பின்னாளில் தொடங்கிய கம்பெனிதான் ஷெல். 1901 வாக்கில் உலகத்து எண்ணெயில் பாதிக்கும் மேல் இந்தச் சின்னத் தீபகற்பத்திலிருந்து போனது.

நோபெல்கள் தங்கள் ஊழியர்களுக்காகக் கட்டிய 'வில்லா பெத்ரோலியா' இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆலைக் கரியால் 'கறுப்பு நகரம்' என்று பெயர் வாங்கிய பகுதி அது. இப்போது அதை இடித்து 'வெள்ளை நகரம்' கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வில்லாவின் தோட்டத்துக்கு மண் தெற்கே லென்கெரானிலிருந்து வந்தது. தண்ணீர்? எண்ணெய் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல்களில் வோல்கா நீரை நிரப்பிக்கொண்டு வந்து மரம் வளர்த்தார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விவரம் இதுதான். வழி ஒன்று கிடைத்துவிட்டால் போகும்போது எண்ணெய், வரும்போது தோட்டம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு நல்ல தண்ணீர் வர 1917 ஆயிற்று. அதற்காக மலையடிவாரத்து ஷோல்லாரிலிருந்து குழாய் போடப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் தகியெவ் என்ற உள்ளூர்க் கோடீஸ்வரர். கொத்து வேலையில் தொடங்கி, பீபி ஹெய்பத் வயலில் எண்ணெய் பீறிட்டு, பெரும் பணக்காரர் ஆனவர். முஸ்லிம் பெண்களுக்கான பள்ளிக்கூடத்தை 1901இல் திறந்தவரும் அவரே. அவருடைய மாளிகைதான் இன்றைய தேசிய வரலாற்று அருங்காட்சியகம். புரட்சி வந்ததும் மாளிகை போய்விட்டது. அவர் மர்தகானிலிருந்த கோடை வீட்டில் போய் ஒடுங்கினார்.

பீபி ஹெய்பத்துக்குக் கத்திரிக்காயில் போனேன். பாக்கூவில் ஊதா நிறத்து லண்டன் டாக்ஸிகள் ஓடுகின்றன. ஊரில் அவற்றுக்குக் கத்திரிக்காய் என்றுதான் பெயர். டிரைவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடற்கரைச் சாலைக்குப் பெயர் எண்ணெய்த் தொழிலாளர் நிழற்சாலை, மெட்ரோவில் ஒரு நிலையத்துக்கு எண்ணெய்த் தொழிலாளர் பெயர், கால்பந்துக் குழுவுக்கும் அதே பெயர் என்று அவரே அடுக்கினார். உங்கள் வீட்டில் யாராவது எண்ணெய் வேலைக்குப் போனதுண்டா என்றேன். அப்பா போனார் என்று கையைக் கடல்பக்கம் நீட்டினார்.

பீபி ஹெய்பத்தில், 1846இல் உலகிலேயே முதலில் துளை போட்டு எடுத்த எண்ணெய்க் கிணறு இது என்று ஒரு பலகை இருக்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் பென்சில்வேனியாக் கிணற்றைச் சொல்வார்கள், அது 1859. பலகைக்குப் பின்னால் இரும்புத் தலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் அருகே போய் நின்று பார்த்தேன். மோட்டார், பெல்ட், பல்சக்கரப் பெட்டி, எதிர்எடை, நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் குதிரைத் தலை போன்ற வளைவு. வளைவிலிருந்து இறங்கும் கம்பிக்கயிறு மினுமினுப்பான ஒரு தண்டைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை தண்டு மேலே வரும்போதும் கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு துளி கறுப்பு வழிந்து, துருப்பிடித்த தட்டில் விழுந்தது. சுற்றிலும் தரை தார் போட்டதுபோல இறுகியிருந்தது. மழைநீர் தேங்கிய பள்ளத்தில் எண்ணெய்ப் படலம் வானவில்லாக விரிந்திருந்தது. நாற்றம் முதலில் மூக்கில், பிறகு நாக்கில். இரண்டு தெரு தள்ளி வீடுகள். கொடியில் துணி காய்ந்தது.

இந்த வயலில் ஒரு பகுதி ஒருகாலத்தில் கடல். கரைக்கிணறுகள் கடலுக்குள் நீள்வதைப் பார்த்து, கடலையே தூர்த்துத் தரையாக்கினார்கள். அந்த வேலையை நடத்திய போலந்துப் பொறியாளர் பொத்தோத்ஸ்கி நடுவழியில் பார்வை இழந்தார். பார்வை போன பிறகும் வேலையை விடவில்லை. 1932இல் இறந்தபோது, தான் தூர்த்த நிலத்திலேயே தன்னைப் புதைக்கச் சொன்னார்; அப்படியே செய்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, எதிரே மேட்டில் இருந்த 13ஆம் நூற்றாண்டு மசூதியை சோவியத் ஆட்சி வெடிவைத்துத் தகர்த்தது. இன்று அங்கே நிற்பது 1990களில் திரும்பக் கட்டியது.

1920இல் செஞ்சேனை வந்தது; எண்ணெய் முழுவதும் அரசுடைமை. வழிப் பிரச்சினை ஒரு விதத்தில் தீர்ந்துபோயிற்று, எல்லா வழிகளும் மாஸ்கோவுக்கு என்பதால். 1941இல் அஜர்பைஜான் எடுத்தது 2 கோடியே 35 லட்சம் டன், சோவியத் எண்ணெயில் 70 சதவீதத்துக்கும் மேல். ஹிட்லர் காகசஸை நோக்கிப் படையை அனுப்பியது இதற்காகத்தான். ஜெர்மானியர் 1942இல் வடக்கு ரயில் பாதையை வெட்டியதும் பாக்கூ மறுபடி அடைபட்டது. தொட்டிகள் நிரம்பின. அப்போது செய்த காரியம் விசித்திரமானது. ரயிலின் டாங்கி வண்டிகளில் எண்ணெய் நிரப்பி, அவற்றைச் சங்கிலிபோலக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, இழுவைக் கப்பல்களால் எதிர்க்கரை கிராஸ்னோவோத்ஸ்க் வரை இழுத்துப் போனார்கள். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்ற ஒரே பலத்தில். இதற்கிடையே, எதிரி கையில் சிக்கக்கூடாதென்று பல கிணறுகளை அடைத்துவிட்டு, ரிக்குகளையும் ஆட்களையும் வோல்கா, ஊரல் பக்கம் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே 'இரண்டாவது பாக்கூ' எழுந்தது; முதல் பாக்கூ அந்தப் பழைய அளவை மறுபடி எட்ட அறுபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

டிரைவரின் அப்பா போன இடம் நெஃப்த் தஷ்லாரி, எண்ணெய்ப் பாறைகள். பாக்கூவிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது, எனக்கும் கிடைக்கவில்லை. 1949 நவம்பரில் அங்கே எண்ணெய் கிளம்பியது. பழைய கப்பல்களைக் கொண்டுவந்து பாறைகள் அருகே மூழ்கடித்து அடித்தளம் போட்டார்கள். அந்த 'ஜோராஸ்தர்' கப்பலும் அவற்றில் ஒன்று என்று சொல்வதுண்டு. பிறகு இரும்புத் தூண்கள் மேல் பாலச் சாலைகள், அடுக்குமாடி விடுதிகள், ரொட்டிக் கடை, சினிமாக் கொட்டகை, தரையிலிருந்து மண் கொண்டுவந்து போட்ட ஒரு பூங்காவரை கடலுக்கு நடுவே ஓர் ஊரே முளைத்தது. முதல் கிணற்றைத் தோண்டிய மிகயீல் கவெரோச்கின் 1957 நவம்பர்ப் புயலில் தன் குழுவோடு கடலில் போனார். டிரைவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அப்பா ஒரு வாரம் கடலில், ஒரு வாரம் வீட்டில் இருப்பார் என்றார். வீட்டிலிருக்கும் வாரத்திலும் காற்று எழுந்தால் ஜன்னலோரம் போய் நிற்பாராம். ஆபத்து சோவியத்தோடு போய்விடவில்லை. 2015 டிசம்பரில் குனெஷ்லி வயலில் புயலும் தீயும் சேர்ந்து ஒரு மேடையை விழுங்கியபோது முப்பது பேர் அளவில் மாண்டார்கள்.

1991இல் நாடு தனியானது. போர், பஞ்சம், கவிழும் அரசுகள், கையில் எண்ணெய், மறுபடி வழியில்லை. 1994 செப்டம்பர் 20 அன்று குலிஸ்தான் மண்டபத்தில் அதிபர் ஹெய்தர் அலியெவின் ஆட்சி, பி.பி. முதலிய வெளிநாட்டுக் கம்பெனிகளோடு அஸெரி, சிராக், ஆழ்கடல் குனெஷ்லி வயல்களுக்காக ஒப்பந்தம் போட்டது. நூற்றாண்டு ஒப்பந்தம் என்று அதற்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1997இல் எண்ணெய் வந்தது. எதன் வழியே அனுப்புவது? வடக்கே போனால் ரஷ்யாவின் தயவு. தெற்கே ஈரான், அமெரிக்கா விடாது. தூரம் குறைந்த வழி ஆர்மீனியா. அந்த நாட்டோடு கராபாக் போர். கருங்கடல் வரை போய்க் கப்பலில் ஏற்றினால் இஸ்தான்புல் நடுவே பாஸ்பரஸ் நீரிணையில் நெருக்கடி, துருக்கி முகம் சுளிக்கும். மிஞ்சியது ஜார்ஜியா வழியாக வளைந்து, துருக்கியைக் குறுக்கே கடந்து, மத்தியதரைக் கடலின் ஜெய்ஹான் துறைமுகம். 1,768 கிலோமீட்டர். 2005 மே மாதம் குழாயில் எண்ணெயை விட்டார்கள். அது மறுமுனை போய்ச் சேர்ந்தது 2006 மே மாதத்தில். குழாயை நிரப்பவே ஏறத்தாழ ஒரு கோடி பீப்பாய் எண்ணெய் போயிற்று.

செலவைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் இது அரசியல் குழாய், லாபக் குழாய் அல்ல என்றார்கள். எனக்கு அது தவறான கணக்கு என்று படுகிறது. வழி சொந்தமாக இல்லாத எண்ணெய்க்குப் பாக்கூ கொடுத்த விலையை 1942இலேயே பார்த்தாயிற்று. 2010இல் உற்பத்தி 5 கோடி டன்னைத் தாண்டியது. நம் ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுக் கிளையான ஓ.என்.ஜி.சி. விதேஷும் 2013இல் ஹெஸ் கம்பெனியிடமிருந்து அந்த வயலிலும் குழாயிலும் சிறு பங்கு வாங்கியது.

கோபுஸ்தான் பாறை ஓவியங்களைப் பார்க்கத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில் சங்காச்சால் முனையம் வருகிறது. கடலடிக் குழாய்கள் கரையேறும் இடமும் ஜெய்ஹானுக்கும் இத்தாலிக்கும் புறப்படும் இடமும் இதுவே. வேலிக்கு அப்பால் வெள்ளைத் தொட்டிகள், ஒரு தீக்கொழுந்து. வண்டியை நிறுத்தாதீர்கள் என்று டிரைவர் முன்கூட்டியே சொன்னார். எண்ணெய் குறைகிறது, 2024இல் 3 கோடி டன்னுக்குக் கீழே வந்துவிட்டது. இப்போது நாட்டைத் தூக்கி நிறுத்துவது எரிவாயு. 1999இல் கண்டுபிடித்த ஷா தெனிஸ் வயலின் வாயு ஜார்ஜியா, துருக்கி, கிரீஸ், அல்பேனியா கடந்து, அட்ரியாட்டிக் கடலுக்கடியில் புகுந்து, 3,500 கிலோமீட்டர் போய், 2020இன் கடைசி நாளில் இத்தாலியைத் தொட்டது. அங்கே மெலெந்துஞ்ஞோ ஊர்க்காரர்கள் தங்கள் ஒலிவ மரங்களைப் பிடுங்கி அப்புறப்படுத்துகிறார்களே என்று 2017இல் சாலையில் உட்கார்ந்தார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2027க்குள் வருடத்துக்கு 2,000 கோடி கன மீட்டர் கேட்டு ஒப்பமிட்டது. அதனால்தான் 2024 பருவநிலை மாநாட்டை பாக்கூவிலேயே நடத்தி, எண்ணெயும் வாயுவும் கடவுள் கொடுத்தவை என்று அதிபர் இல்ஹாம் அலியெவால் கூச்சமின்றிப் பேச முடிந்தது. வாங்குகிறவர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பணம் எங்கே போனது என்பதற்குப் பதில் பாதி கண்ணுக்குத் தெரிகிறது. தீக்கொழுந்து வடிவக் கோபுரங்கள், சோவியத் காலத்து வீடுகளுக்கு மேல் ஒட்டிய மஞ்சள் சுண்ணாம்புக்கல், 1999இல் தொடங்கிய எண்ணெய் நிதியத்தில் 2024 முடிவில் 6,000 கோடி டாலர் அளவுக்கு இருந்த சேமிப்பு. மீதிப் பாதியைக் கேட்டவர் பாடு வேறு. ஆளும் குடும்பத்தின் சொத்துகளைத் துருவிய பத்திரிகையாளர் கதீஜா இஸ்மாயிலோவாவை 2014இல் சிறையில் போட்டார்கள். அப்பா ஹெய்தருக்குப் பின் மகன் இல்ஹாம் அதிபர்; மகனின் மனைவி துணை அதிபர். வழியில் ஒரு சாயாக்கடையில் பேரிக்காய் வடிவக் கண்ணாடியில் தேநீரும் தொட்டுக்கொள்ளச் செர்ரி ஜாமும் வந்தபோது டிரைவரிடம் பொதுவாகத்தான் விசாரித்தேன். அவர் அரசியல் பேசவில்லை. 2015ஐப் பற்றிப் பேசினார். எண்ணெய் விலை விழுந்த அந்த ஆண்டில் நாட்டு நாணயமான மனாத்தின் மதிப்பை பிப்ரவரியில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை குறைத்தார்கள். அவர் வண்டிக்கு வாங்கிய கடன் டாலரில். ஒரே வருடத்தில் மாதத் தவணை இரண்டு மடங்கு ஆயிற்று. "எண்ணெய் ஏறினபோது எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. இறங்கினதை மட்டும் பேங்க்காரன் போன் போட்டுச் சொன்னான்" என்றார்.

இன்னும் தெற்கே அலாத். நகரத்திலிருந்த பழைய துறைமுகத்துக்குப் பதிலாக 2018இல் இங்கே புதியது திறந்தார்கள். சொந்த எண்ணெய் குறையக் குறைய பாக்கூ மற்றவர்களுக்கு வழிவிட்டுக் கூலி வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. கஜகஸ்தானின் எண்ணெய் கப்பலில் காஸ்பியனைக் கடந்து வந்து, ஜெய்ஹான் குழாயில் ஏறி வெளியே போகிறது. துர்க்மேனிஸ்தானின் எண்ணெயும் அப்படித்தான். ஒருகாலத்தில் அடுத்தவன் வாசலில் நின்ற ஊர், இன்று வாசல் வைத்திருக்கிறது. ஆனால் காஸ்பியன் வற்றிக்கொண்டிருக்கிறது. வெப்பம் கூடி நீர் ஆவியாவதும் வோல்காவிலிருந்து வரும் நீர் குறைவதும் காரணம். அஜர்பைஜான் அரசு ரஷ்யாவின் அணைகளைக் கைகாட்டுகிறது. துபெந்தி எண்ணெய் முனையத்துக்குள் கப்பல்கள் நுழைய 2024இல் கடலடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியிருந்தது. ஆழம் குறைந்தால் கப்பல்கள் முழுச் சரக்கும் ஏற்ற முடியாது. கரையோரத்தில் நேற்றுவரை தண்ணீரில் நின்ற பழைய மேடைக் கால்கள் சில, நான் பார்த்தபோது சேற்றில் நின்றன. அப்படியானால் எதிர்க்கரையிலிருந்து கடலுக்கடியில் ஒரு குழாய் போட்டுவிடலாமே என்றேன் டிரைவரிடம். அந்தப் பேச்சு அவருக்கு வயது முப்பது ஆவதற்கு முன்பிருந்தே நடக்கிறதாம்.